பின்பிரேக்கும் தோன்றா எழுவாயும்

1

இந்தக் கதை, அக்காவின் கையிலிருந்து ஸ்க்ரூடிரைவர் நழுவி விழுந்த சத்தத்தில் பிறந்தது என்று எழுதத்தான் ஆசை. உண்மை அவ்வளவு அழகாக இல்லை. இது வீட்டுப்பாடம்.

பகலில் நான் மருந்துக் கடையில் வேலை செய்கிறேன். வாரத்தில் இரண்டு சாயங்காலம் கதை எழுதும் வகுப்புக்குப் போகிறேன். எங்கள் ஆசிரியை பலகையில் எழுதிப்போட்டது இது: ‘சிலர் சேர்ந்து ஒரு வேலை செய்கிறார்கள். வேலை சரியாக முடிகிறது. வேறு ஏதோ கெட்டுப்போகிறது.’ எல்லாரும் தலையைச் சொறிந்துகொண்டிருந்தபோது நான் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமைதான் எங்கள் வீட்டில் காரின் பின்பிரேக்கைச் சரிசெய்திருந்தோம். நான் தினமும் நாட்குறிப்பு எழுதுகிறவள். நடந்தது எல்லாம் வரிசையாக அதில் இருக்கிறது. எடுத்து எழுதினால் கதை என்று நினைத்தேன்.

அந்த நினைப்பில் மண். இது நான்காவது பிரதி. முதல் வரியே இன்னும் நிற்கவில்லை.

முதல் தொடக்கம்: ‘வெயில் தணிந்த ஒரு மதியம், சகோதரிகள் இருவர் ஒரு காரின் முன்னால்—’ [அடித்துவிட்டேன். முன்னால் இல்லை, பின்னால். முதல் வரியிலேயே பொய்.]

இரண்டாவது: ‘எல்லாக் கார்களும் ஒரு நாள் நிற்க மறுக்கும்.’ [யார் சொன்னது? எங்கள் கார் நன்றாகவே நிற்கும். நிறுத்திய இடத்தில் இருக்கத்தான் மாட்டேன் என்றது.]

மூன்றாவது: ‘அக்காவுக்குப் பிடிக்கவில்லை.’ [இதுதான் சரியான தொடக்கம். ஆனால் இதை முதலில் வைத்தால் மொத்தக் கதையும் வாசலிலேயே கொட்டிவிடும். அதனால் இது இந்த அடைப்புக்குறிக்குள்ளேயே இருக்கட்டும்.]

2

ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். நான்கு பேர்தான்.

அக்கா நர்ஸ். அவள் கணவர், என் மாமா, வேறு ஊரில் நிலம் அளக்கிற வேலையில் இருக்கிறார். அக்காவுக்கு இந்த ஊர் ஆஸ்பத்திரிக்கு மாற்றல் வந்ததிலிருந்து வாரநாட்களில் அம்மாவோடும் என்னோடும் இருக்கிறாள். வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் காரை எடுத்துக்கொண்டு மாமாவிடம் போவாள், இரண்டு நாள் இருந்துவிட்டு வருவாள். நல்ல ஏற்பாடு என்று எல்லாரும் சொன்னார்கள். எல்லாரும் என்றால் அம்மா.

மாமாவின் வீடு செங்குத்தான தெருவில் இருக்கிறது. அங்கே காரை நிறுத்தினால் ஹேண்ட்பிரேக்கை நம்பித்தான் இறங்க வேண்டும். ஒரு வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிச் சரிவில் அக்கா லிவரை மேலே வரை இழுத்துவிட்டு இறங்க, கார் பின்னால் நகர்ந்து மெதுவாகச் சுவரில் உட்கார்ந்தது. பம்பரில் கீறல். வேறு சேதம் இல்லை. வீட்டுக்கு வந்து, சாப்பிடாமல், மறுபடி ட்யூட்டிக்கு ஓடுகிற அவசரத்தில் அம்மாவிடம் சொன்னாள்: “ஹேண்ட்பிரேக் பிடிக்கலைம்மா. இந்த வாரம் நான் போகலை. அவர் போன் பண்ணா சொல்லிடு.”

மாமா போன் பண்ணினார். அம்மா சொன்னார்.

அதற்குப் பிறகு மாமா கூப்பிடவே இல்லை. அக்காவும் கூப்பிடவில்லை. “நான் வரலைன்னா என்ன ஏதுன்னு கேக்கணுமா வேண்டாமா? கேக்கட்டும்” என்று இருந்தாள். அடுத்த வெள்ளிக்கிழமையும் போனது. அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், பல் தேய்த்துக்கொண்டே சொன்னாள்: “இன்னைக்கு பிரேக்கைச் சரி பண்றோம். சாயங்காலம் போறேன். என் சாமான் எல்லாத்தையும் எடுத்துட்டு வந்துடறேன்.”

“எடுத்துட்டு வந்து?” என்றேன்.

“வந்து என்ன, இங்கே இருப்பேன். அங்கே இருந்தா மட்டும் யார் என்னன்னு கேக்கப்போறாங்க?”

ஆக, ஒரு கல்யாணத்தை முடித்துக்கொள்வதற்காக ஒருத்தி பிரேக்கைப் பழுதுபார்க்கிறாள். இதை நான் கண்டுபிடித்து எழுதியிருந்தால் ஆசிரியை அடித்திருப்பார்.

(பஸ்ஸில் போயிருக்கலாமே என்று வகுப்பில் முன்வரிசைப் பல் டாக்டர் கேட்டார். அவர் எல்லாக் கதையிலும் ஓட்டை தேடுவார், தொழில் அப்படி. போயிருக்கலாம்தான். அந்த ஊருக்கு நேர் பஸ் இருக்கிறது. அந்தக் கேள்வியை அப்போதைக்கு ஒதுக்கி வைத்தேன். வேறு வழி தெரியவில்லை.)

3

இங்கே கொஞ்சம் விளக்கம் தேவை. போர் அடித்தால் அடுத்த எண்ணுக்குத் தாவுங்கள், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். கொஞ்சம் கோபித்துக்கொள்வேன்.

பின்சக்கரத்துக்கு உள்ளே டிரம் என்று ஒரு இரும்புக் கிண்ணம். அதற்குள் வளைந்த இரண்டு பிரேக் ஷூ. காலால் பெடலை மிதித்தாலும் கையால் லிவரை இழுத்தாலும் இந்த ஷூக்கள் விரிந்து டிரம்மைப் பிடிக்கும். லிவரிலிருந்து ஷூவுக்குப் போவது ஒரு கேபிள். நாளாக ஆக ஷூ தேயும், இடைவெளி அதிகமாகும், லிவர் மேலே மேலே வரும்.

இதைச் சரிசெய்ய இரண்டு இடம் உண்டு. ஒன்று, சக்கரத்துக்கு உள்ளே இருக்கும் சின்னப் பல்சக்கரம். அதைத் திருகினால் ஷூ டிரம்முக்குப் பக்கத்தில் வரும். கஷ்டமான வேலை, படுத்துக்கொண்டு செய்ய வேண்டும். இன்னொன்று, காருக்குள்ளே லிவருக்கு அடியில் இருக்கும் நட்டு. உட்கார்ந்த இடத்தில் கேபிளை இறுக்கிவிடலாம். கையேடு தெளிவாகச் சொல்கிறது: கேபிளைத் தளர்த்திவிட்டு, முதலில் சக்கரம். கேபிள் கடைசியில்.

அக்கா முந்தின நாள் சனிக்கிழமையே கேபிளை மட்டும் இறுக்கிப் பார்த்திருந்தாள். லிவர் விறைப்பாக நின்றது. “பாத்தியா, புதுசு மாதிரி!” என்று தெருமுனை வரை ஒரு சுற்றுப் போய்வந்தாள். வரும்போது தீய்ந்த வாடையும் கூடவே வந்தது. ஒரு சக்கரம் தொட முடியாத சூடு. கேபிள் ஒரு பக்கத்து ஷூவை விடாமல் இழுத்துப் பிடித்தே வைத்திருந்தது. மறுபக்கம் இன்னும் தொளதொளவென்றுதான் இருந்தது. வெளியே பார்த்தால் எல்லாம் கச்சிதம்.

[இந்த இடத்தில் ஒரு உவமை வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது. நீங்களும் பார்த்திருப்பீர்கள். நான் அதை எழுதப்போவதில்லை. போன தடவை எழுதினேன், ஆசிரியை பக்கத்தில் ‘ஐயோ’ என்று மட்டும் குறித்திருந்தார்.]

4

மதியம் ஆரம்பித்தோம். முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்தோம். பக்கத்து வீட்டு டாக்ஸிக்காரரிடம் இரவல் வாங்கிய இரும்புத் தாங்கிகள் மேல் காரின் பின்பக்கம் உட்கார்ந்தது. அம்மாவை ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்தோம். அம்மாவுக்கு ஓட்டத் தெரியாது. ஆனால் சொன்னால் மிதிக்கத் தெரியும்.

“எது பிரேக்கு?”

“நடுவுல இருக்கறதும்மா.”

“நடுவுலன்னா?”

“மூணு இருக்குல்ல? ரெண்டுக்கும் நடுவுல!”

“கத்தாதே. நான் ஒண்ணும் காது கேக்காதவ இல்லை.”

அக்கா முந்தின நாள் இறுக்கிய கேபிளைத் தளர்த்தி, சக்கரத்தைக் கழற்றிவிட்டு மல்லாந்து படுத்தாள். டிரம்முக்குப் பின்தகட்டில் ஒரு ரப்பர் மூடி. அதை நோண்டி எடுத்தால் சின்னத் துவாரம். உள்ளே பல்சக்கரம் கண்ணுக்குத் தெரியாது. ஸ்க்ரூடிரைவரை விட்டுத் தடவித் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

“மேல தள்ளணுமா, கீழ தள்ளணுமாடி?”

நான் கையேட்டைப் புரட்டினேன். “இந்தப் பக்கம் கீழ. அந்தப் பக்கம் மேல.”

“ஒரே மாதிரி வெச்சா என்ன கேடு இவனுங்களுக்கு?”

ஒரு பல் திரும்பும். ஸ்க்ரூடிரைவர் நழுவும். கை முட்டி தகட்டில் இடிக்கும். அக்கா ஆஸ்பத்திரியில் சொல்ல முடியாத ஒன்றைச் சொல்வாள். அம்மா உள்ளேயிருந்து, “வாயைக் கழுவு” என்பார். மறுபடி ஒரு பல்.

“சுத்து.”

டிரம்மைச் சுற்றினேன். “சுத்துது.”

“இப்போ?”

“சுத்துது.”

“இப்போ?”

“உஸ்ஸுன்னு உரசுது.”

“அப்பாடா. கொஞ்சம் தளர்த்தி விடறேன். உரசாம சுத்துதா? சரி. அம்மா, பெடலை நல்லா மிதி. விடு. மிதி. விடு. போதும்னா நிறுத்தணும்!”

“நீ போதும்னு சொல்லவே இல்லையே.”

[இரண்டாவது பிரதியில் இந்த இடத்தில் அக்காவின் கண்ணில் நீர் கோத்தது என்று எழுதியிருந்தேன். பிரதியை அவளுக்குப் போனில் அனுப்பினேன். பதில் வந்தது: ‘அழுதேனா நான்? தூசி விழுந்துச்சு. தூசின்னு எழுது.’ தூசி விழுந்தது.]

இரண்டு பக்கமும் முடித்து, இனிமேல் கேபிள். அக்கா முகத்தில் கரியோடு அம்மாவுக்குப் பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்து, லிவரின் உறையைக் கழற்றி, நட்டில் ஸ்பேனரை வைத்தாள். நான் பின்சக்கரத்தோடு. கதவுகள் எல்லாம் திறந்து கிடந்தன. அதனால் எல்லாம் கேட்டது.

“லிவரை இழும்மா. போதும், அங்கேயே நிறுத்து. அங்க என்னடி, பிடிக்குதா?”

நான் டிரம்மைத் தள்ளிப் பார்த்தேன். நன்றாகச் சுற்றியது. “பிடிக்கலை!”

லிவரை இறக்கினார்கள். நட்டை ஒரு திருகு. மறுபடி இழுத்தார்கள்.

“இப்போ?”

“பிடிக்கலைக்கா!”

அப்போதுதான் அம்மா, யாரும் கேட்காமலே, பெருமூச்சோடு சொன்னார்: “மாப்பிள்ளைகிட்டயும் இதையேதான் சொன்னேன். பிடிக்கலைன்னு. பாவம், அதுக்கப்புறம் ஒரு வார்த்தை பேசலை.”

ஸ்பேனர் நின்றது.

5

“என்னன்னு சொன்னே?”

“நீ சொன்னபடிதான்.”

“அப்படியே சொல்லு. அவர் கேட்டது, நீ சொன்னது. ஒண்ணு விடாம.”

அம்மா லிவரைப் பிடித்தபடியே ஒப்பித்தார். “‘அவ வரலையா அத்தை’ன்னாரு. ‘இல்லைப்பா, பிடிக்கலையாம்*, அதான் வரலை’ன்னேன்.”

“எதுன்னு சொல்லலையா?”

“எதுக்குச் சொல்லணும்? கார்லதானே வருவே? அப்புறம் கொஞ்ச நேரம் சத்தத்தையே காணோம். லைன் போயிடுச்சோன்னு ஹலோ ஹலோன்னேன். ‘இருக்கேன் அத்தை. எவ்வளவு நாளா?’ன்னாரு.”

“நீ?”

“உள்ளதைத்தான். ‘ரொம்ப நாளாவே அப்படித்தான் போல. இவதான் வெளிய சொல்லாம எப்படியோ ஓட்டிக்கிட்டு இருந்திருக்கா’ன்னேன்.”

அக்கா நெற்றியில் கையை வைத்தாள். கிரீஸ் ஐந்து விரலாகப் பதிந்தது.

“‘நான் வேணா வந்து பாக்கட்டுமா’ன்னாரு. ‘நீங்க எதுக்கு அலையறீங்க, அவளே பாத்துக்கறேன்னுட்டா’ன்னேன். ‘சரி அத்தை’ன்னு வெச்சுட்டாரு.”

[மூன்றாவது பிரதியில் அம்மா இன்னொன்றும் சொல்வார்: “‘பழசு தேஞ்சு போச்சு, மாத்திடலாம்னு இருக்கா’ன்னேன்.” வகுப்பு குலுங்கிச் சிரித்தது. அது நான் சேர்த்தது. சிரிப்புக்காக. அக்காவின் திருத்தம்: ‘இதை எடு. நடந்ததே போதும்.’ எடுத்துவிட்டேன். எடுத்ததை உங்களிடம் காட்டாமலும் இருக்க முடியவில்லை.]

* பள்ளியில் ‘தோன்றா எழுவாய்’ படித்திருப்பீர்கள். ‘வந்தேன்’ என்றால் ‘நான்’ என்பது வெளியே தெரியாமல் உள்ளே நிற்கும். சொல்லின் வால் ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். ‘பிடிக்கலை’ அப்படி இல்லை. அது யாரையும் காட்டிக்கொடுக்காது. நானா, நீயா, பிரேக்கா, புருஷனா, எல்லாவற்றுக்கும் அதே வால். எங்கள் அம்மா ஆயுசு முழுக்க எழுவாய் இல்லாமல் பேசுகிறவர். ‘வந்தாச்சா?’ என்பார். யார், பாலா, தபாலா, நானா? நாங்கள் பழகிவிட்டோம். மாமா பழகவில்லை.

6

இதை வகுப்பில் வாசித்தபோது பல் டாக்டர் கையைத் தூக்கினார். “ஏம்மா, ‘எது பிடிக்கலை’ன்னு ஒரு வார்த்தை அந்த ஆள் கேட்டிருந்தா கதையே முடிஞ்சுதே? நம்பற மாதிரி இல்லையே.”

ஆசிரியையும் தலையை ஆட்டினார். “சிலேடையை நம்பிக் கதையை நிறுத்தாதே. சறுக்கிடும்.”

வீட்டுக்கு வந்து மாமாவை மாற்றி மாற்றி எழுதினேன். மாமாவுக்குக் காது மந்தம். [இல்லை.] மாமா கோபக்காரர். [இருந்திருந்தால் கத்தியாவது கேட்டிருப்பார்.] மாமாவின் போனில் சார்ஜ்— [வெட்கமாக இருக்கிறது.] நிலத்தைக் கோணல் இல்லாமல் அளக்கிற மனிதர், அடுத்த வீட்டுக்காரன் வேலி ஒரு சாண் நகர்ந்தால் எந்தப் பக்கம், எப்போது என்று துருவித் துருவிக் கேட்கிறவர், இதை மட்டும் ஏன் கேட்கவில்லை? என்னால் அவரை நம்பவைக்க முடியவில்லை. என் பாத்திரம் என் கையில் நிற்கவில்லை.

பிறகுதான் உறைத்தது. பல் டாக்டர் என்னைக் கேட்ட கேள்வியை அக்கா அன்றைக்கே, காருக்குள்ளே, அம்மாவிடம் கேட்டுவிட்டாள். நாட்குறிப்பில் இருக்கிறது. நான்தான் முக்கியமில்லை என்று விட்டுவிட்டேன். இதோ:

“எது பிடிக்கலைன்னு அவர் கேக்கவே இல்லையா?”

“கேக்கலை.”

“யாருக்கு, எதுன்னு, ஒண்ணுமே?”

“அதான் சொல்றேனே. அவருக்குப் புரிஞ்சிடுச்சு. தங்கமான மனுஷன், ஒருதரம் சொன்னா டக்குனு பிடிச்சுக்குவாரு.”

அக்கா நட்டிலிருந்து ஸ்பேனரை எடுத்தாள். பிறகு, “ஆமா. புரியாதவங்கதான் ‘எது’ன்னு கேப்பாங்க” என்றாள்.

அந்தச் சொல்லை மாமா எதிர்பார்த்தே இருந்திருக்கிறார். எத்தனை வெள்ளிக்கிழமைகளாக என்று யாருக்குத் தெரியும். அம்மா எழுவாயை விட்டார். மாமா தன் பெயரை எடுத்து அங்கே போட்டுக்கொண்டார். ஏற்கெனவே அளந்து வைத்த இடம் மாதிரி சரியாகப் பொருந்தியது.

அம்மாவுக்கு இப்போதுதான் மெல்ல விளங்க ஆரம்பித்திருந்தது. லிவரை விட்டுவிட்டு அக்காவின் பக்கம் திரும்பினார். “அவர் கேக்கலை, சரி. நீ? பிரேக்குதானே போச்சு. நீ பஸ்ல போயிருக்கலாம்ல?”

அக்கா ஸ்பேனரை மடியில் வைத்தாள். நானும் டிரம்மைத் தள்ளுவதை நிறுத்தியிருந்தேன்.

“எனக்குத் தெரியலைம்மா” என்றாள் கடைசியில். “பிரேக் பிடிக்கலைன்னதும் ஒரு நிமிஷம் நிம்மதியா இருந்துச்சு. அது என்னன்னு எனக்கே தெரியலை. லிவரை இழு.”

7

வேலையை முடித்தோம். இதைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் வீட்டுப்பாடத்தின் நிபந்தனை அது. நட்டை இறுக்கியதும், லிவர் பாதி வருவதற்குள் இரண்டு டிரம்மும் அசையாமல் நின்றன. இறக்கினால் தாராளமாகச் சுற்றின. ரப்பர் மூடிகளைப் பொருத்தினோம். சக்கரங்களை மாட்டினோம். காரை இறக்கினோம். அம்மா, “நான் என்ன தப்பாச் சொல்லிட்டேன்? ஒரு வார்த்தை பொய் இருக்கா அதுல?” என்று பாத்ரூம் கதவு வரை அக்காவின் பின்னாலேயே போனார்.

இல்லை. ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.

8

முடிவுகள். மூன்று எழுதினேன்.

(அ) அக்கா போகிறாள். மாமா கதவைத் திறக்கிறார். “கார் பிரேக்கைத்தான் சொன்னாங்க” என்கிறாள். இருவரும் சிரிக்கிறார்கள். — சிரித்துவிட்டு? அந்தச் சொல்லைச் சரிசெய்தாயிற்று. அன்றைக்குப் போனில் அதைக் கேட்டு அவர் ஆச்சரியப்படாததையும், இவள் பஸ் ஏறாததையும் எந்த ஸ்பேனரால் திருகுவது?

(ஆ) அக்கா சாமானை எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறாள். — அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். “அவ துணி மட்டுமே ஒரு கார்ல அடங்காது. தெரியாம எழுதாதே” என்றார்.

(இ) மாமா வீட்டு ஏற்றத்தில் பிரேக் பிடிக்காமல் கார் பின்னால் உருள்கிறது, அக்கா அலற, மாமா ஓடிவந்து— [முடியாது. கை முட்டி தோலுரிய அவள் செய்த வேலை அது. சக்கரத்தை நான் தள்ளிப் பார்த்தேன். ஒரு முடிவுக்காகப் பொய்யாகக்கூட அந்த பிரேக்கைத் தோற்கவைக்க எனக்கு மனசு வரவில்லை.]

அக்கா கடைசியாக அனுப்பிய திருத்தம் இது: ‘மேட்டுல நின்ன வரைக்கும் எழுதிக்கோ. அதுக்கு மேல நாங்க பேசினது எங்களோடது.’

எங்கிருந்து அனுப்பினாள் என்று நான் சொல்லப்போவதில்லை. முடிவு எனக்குத் தெரியும். எழுத அனுமதி இல்லை. ஒரு எழுத்தாளருக்கு இதைவிடக் கடுப்பான நிலைமை இருக்க முடியாது.

9

அதனால் மேட்டில் நின்ற வரைக்கும்.

எங்கள் தெருமுனையில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு ஏற்றம் உண்டு. சாயங்காலம் அக்கா காரை அங்கே கொண்டுபோய், மூக்கு மேலே இருக்கும்படி நிறுத்தினாள். நான் கட்டையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடந்தேன். பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் குனிந்து, நகர்ந்தால் உடனே அடியில் கொடுக்கத் தயாராக நின்றேன். ஜன்னல் இறக்கியிருந்தது.

அக்கா பெடலை மிதித்தபடி லிவரை இழுத்தாள். கியரை எடுத்தாள். எஞ்சினை அணைத்தாள். பிறகு, குளிர்ந்த தண்ணீரிலிருந்து எடுப்பதுபோல மெதுவாக, காலை எடுத்தாள்.

கார் நகரவில்லை.

“கட்டையைக் கொண்டு போயிடவாக்கா?” என்றேன்.

பொறு என்பதுபோல விரலைக் காட்டினாள். மற்றக் கையில் போன். எண்ணை அழுத்திக் காதில் வைத்தாள். எங்கள் வாசலிலிருந்து அம்மா, தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார்: “பிடிக்குதா?”



“நான்தான்” என்றாள் அக்கா போனில். “அம்மா அன்னைக்குச் சொன்னது கார் பிரேக்கை.”

அந்தப் பக்கம் மாமா. எனக்குக் கேட்கவில்லை. பிறகு அக்கா “ம்” என்றாள். மறுபடி “ம்.” லிவரின் மேல் இருந்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மாமா ஏதோ சொன்னார். சின்ன வாக்கியமாகத்தான் இருக்க வேண்டும், சட்டென்று முடிந்துவிட்டது.

அக்கா நேரே ரோட்டைப் பார்த்தபடி கேட்டாள்.

“எது?”

இதற்கு மேல் எனக்கு அனுமதி இல்லை. கட்டை என் கையில் இருக்கிறது. கனக்கிறது. இந்தாருங்கள், நீங்கள் பிடியுங்கள். மாமா சொல்லப்போவதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள், எது வேண்டுமானாலும். ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொள்கிறேன், எங்கள் வீட்டில் பட்டது போதும்:

எழுவாயைப் போட்டு எழுதுங்கள்.